மூன்று நாள் கணக்கு

2008 ஜூலை 25, வெள்ளிக்கிழமை. 'தி எக்ஸ் பைல்ஸ்: ஐ வோண்ட் டு பிலீவ்' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த நாள். அதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முதல் 'தி டார்க் நைட்' வந்திருந்தது. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். முதல் மூன்று நாளில் முல்டருக்கும் ஸ்கல்லிக்கும் கிடைத்தது ஏறக்குறைய 10 மில்லியன் டொலர். அதே மூன்று நாளில், இரண்டாவது கிழமையாக ஓடிக்கொண்டிருந்த பேட்மேனுக்குக் கிடைத்தது 75 மில்லியன். ஒன்பது சீசன் ஓடிய, ஒரு காலத்தில் ஊரெல்லாம் பேசிய ஒரு தொடரின் படம் பட்டியலில் நாலாம் இடத்தில் வந்து நின்றது. மூன்றாவது படம் வரவேயில்லை.

நான் எக்ஸ் பைல்ஸ் பார்த்தது அதற்கும் பிறகு. ஏ-9 பாதை திறந்து, கொழும்புச் சாமான்களோடு சாமானாக டிவிடிகளும் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கிய காலம். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, ஒரு ஷொப்பிங் பை நிறைய கொப்பியடித்த டிவிடிகள் வைத்திருந்தார். ஒன்பது சீசனும் இரண்டு படமும் அந்த ஒரே பைக்குள். 1998 இல் வந்த முதல் படத்தையும் 2008 இல் வந்த இரண்டாவது படத்தையும் நான் ஒரே மாதத்தில் பார்த்தேன். இடையில் பத்து வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வெளியீட்டுத் தேதி என்று ஒன்று எங்களுக்கு இருக்கவில்லை. பை வந்த நாள்தான் வெளியீட்டு நாள்.

பிறகு இணையம் ஒழுங்காக வந்த காலத்தில்தான் வசூல் விபரங்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். எனக்குப் பிடிச்ச ஒரு தொடர் ஏன் இப்பிடி முடிஞ்சது எண்டு தெரிய வேணும், அவ்வளவுதான். வாசிக்க வாசிக்க விளங்கியது ஒன்று: தொடரிலிருந்து பிறக்கிற படத்தின் தலையெழுத்தில் பெரும்பங்கை எழுதுவது கதை இல்லை, நாட்காட்டி.

அண்ணாவிடம் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார். "டார்க் நைட்டுக்குப் பக்கத்தில விட்டா எதுதான் ஓடும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தீபாவளிக்குப் பெரிய நடிகரின் படம் வருகிற கிழமையில் சின்னப் படத்தை விடமாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அதே 2008 கோடையில் நடந்த இன்னொரு விஷயத்தைப் பாருங்கள். 'செக்ஸ் அன்ட் த சிற்றி' தொடர் 2004 பெப்ரவரியில் முடிந்தது. நாலு வருடம் கழித்து, 2008 மே 30 அன்று அதன் படம் வந்தது. அதற்கு முதல் கிழமைதான் இந்தியானா ஜோன்ஸ் பத்தொன்பது வருட இடைவெளிக்குப் பிறகு திரும்ப வந்திருந்தார். அதுவும் ஒரு யானைதான். நடந்தது என்ன? முதல் மூன்று நாளில் அந்த நாலு பெண்கள் 57 மில்லியன் டொலர் எடுத்து முதலாம் இடம். இந்தியானா ஜோன்ஸ் 45 மில்லியன் அளவில் இரண்டாம் இடம். உலகம் முழுதுமாக அந்தப் படம் 400 மில்லியனைத் தாண்டியது.

ஆக, பக்கத்தில் யானை நிற்கிறதா என்பது கேள்வி இல்லை. அந்த யானை எங்கட தோட்டத்துக்குள் மேய்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தியானா ஜோன்ஸுக்குப் போன கூட்டம் வேறு. அப்பாமார், பெடியள், குடும்பங்கள். 'செக்ஸ் அன்ட் த சிற்றி'க்குப் போனவர்கள் நண்பிகளாகச் சேர்ந்து, நாலு பேர் ஐந்து பேராக ரிக்கற் வாங்கிய பெண்கள். அந்தக் கோடையில் அதுவரை அவர்களுக்கென்று ஒருவரும் பெரிய படம் எடுத்து வைக்கவில்லை. எக்ஸ் பைல்ஸுக்கு அப்படி இல்லை. இருட்டு, குற்றம், மனதைப் பிசைகிற கதை என்று தேடி வருகிற ஆள்தான் அதன் ரசிகர். அந்த ஆள் அந்தக் கிழமை டார்க் நைட்டை இரண்டாம் தரம் பார்க்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இன்னொன்று, அந்தப் படம் முழுக்க முழுக்கப் பனி. கனடாவின் குளிர்காலத்தில் எடுத்து, மேற்கு வேர்ஜினியாவின் பனிக்குள் நடக்கிற கதையாக்கி, அதைக் கொண்டுபோய் ஜூலை வெயிலுக்குள் விட்டார்கள். ஒக்ரோபரிலோ நவம்பரிலோ விட்டிருந்தால் பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். நாலாம் இடமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பேட்மேனைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. தொடர் முடிந்த பிறகு ஓடுகிற மணிக்கூடு. 'செக்ஸ் அன்ட் த சிற்றி' முடியும்போது அதைப் பார்த்தவர்கள் இன்னும் வேணும் என்ற மனத்தோடு பிரிந்தார்கள். பிறகும் மறுஒளிபரப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எக்ஸ் பைல்ஸ் 2002 இல் முடிந்தபோது கணிசமான பேர் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தார்கள். ஏழாவது சீசனுக்குப் பிறகு டேவிட் டுகொவ்னி முழுநேரமாக இல்லை. கடைசி இரண்டு சீசனை என் அண்ணாவே தள்ளித் தள்ளித்தான் பார்த்தார். ஆகவே 2008 இல் அந்தப் படம் கூப்பிட்டது ஆறு வருடத்துக்கு முதல் பிரிந்தவர்களை மட்டும் இல்லை, எட்டு வருடத்துக்கு முதல் கோபித்துக்கொண்டு போனவர்களையும் சேர்த்து.

இதே தொடர் பத்து வருடத்துக்கு முதல் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டது என்பதுதான் இதில் கவலையான விஷயம். ஐந்தாவது சீசன் முடிந்தது 1998 மே 17. படம் வந்தது ஜூன் 19. இடையில் 33 நாள். சீசனின் கடைசி எபிசோட்டில் எக்ஸ் பைல்ஸ் அலுவலகமே எரிந்துபோகும். அடுத்தது என்ன என்று தெரியாமல் இருக்கிற சூட்டோடு சூடாகத் தியேட்டருக்குப் போனார்கள். முதல் மூன்று நாளில் 30 மில்லியன், முதலாம் இடம், உலகம் முழுதும் 189 மில்லியன். நவம்பரில் ஆறாவது சீசன் தொடங்கியது. தொடர் படத்துக்கு விளம்பரம், படம் தொடருக்கு விளம்பரம்.

அதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. படத்தை 1997 கோடையில், ஐந்தாவது சீசன் எடுக்கத் தொடங்குவதற்கு முதலே எடுத்து வைத்துவிட்டார்கள். அதாவது முடிவு ஏற்கெனவே பெட்டிக்குள். அந்த முடிவுக்குப் போய்ச் சேருகிற மாதிரி இருபது எபிசோட் எழுத வேண்டும். நடிகர்களுக்கு லீவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற தொடருக்கு நடுவில் படம் எடுக்க ஏன் எல்லாரும் துணிவதில்லை என்பதற்கு இதுதான் விடை.

"வீட்டில சும்மா பாக்கிறதை ஏன் காசு குடுத்துப் பாக்கோணும்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். 'த சிம்ப்சன்ஸ்' அதற்குப் பதில். 1989 இல் தொடங்கிய தொடர். பதினெட்டு சீசன் முடிந்த பிறகு, 2007 ஜூலையில் படம் வந்தது. அதற்கு முதலும் பிறகும் தொலைக்காட்சியில் புது எபிசோட் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனாலும் 75 மில்லியன் செலவில் எடுத்த படம் உலகம் முழுதும் 530 மில்லியனுக்கு மேல் எடுத்தது. இலவசமாகக் கிடைப்பது இடைஞ்சல் இல்லை. வீட்டில் பார்ப்பதை விடப் பெரிதாக ஒன்று நடக்கப்போகிறது, அதை எல்லாரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் சனம் போகும்.

ரசிகர்களின் சத்தத்தை நம்பிக் கணக்குப் போடலாமா? இங்கேதான் எனக்கு மனம் நோகும். 'பயர்ஃப்ளை' என்ற தொடரை 2002 இல் ஃபொக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. எடுத்தது பதினாலு எபிசோட், ஒளிபரப்பியது பதினொன்று, அதையும் ஒழுங்கு மாற்றி. கதையைத் தொடங்கி வைக்கிற முதல் எபிசோட் கடைசியாகத்தான் போனது. தொடரை நிறுத்திய பிறகு டிவிடி நன்றாக விற்றது. ரசிகர்கள் தங்களுக்குப் பிரவுன்கோட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு கத்தினார்கள். யூனிவர்சல் நிறுவனம் அந்தச் சத்தத்தை நம்பி 39 மில்லியனில் 'செரெனிட்டி' படம் எடுத்தது. முதலில் 2005 ஏப்ரல் என்று சொன்னார்கள். பிறகு செப்டெம்பர் 30 க்குத் தள்ளினார்கள். இடையில் மே மாதத்திலிருந்து ரசிகர்களுக்கென்று முன்கூட்டிய காட்சிகள் வைத்தார்கள். ரிக்கற் எல்லாம் முடிந்துபோனது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். செப்டெம்பரில் உண்மையான வெளியீடு வந்தபோது முதல் மூன்று நாள் வசூல் 10 மில்லியன் அளவு. இரண்டாம் இடம். உலகம் முழுதும் சேர்த்து 40 மில்லியன் சொச்சம். அதில் கிட்டத்தட்டப் பாதி தியேட்டர்காரருக்குப் போகும் என்பதையும், விளம்பரச் செலவு தனி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது படம் ஏன் வரவில்லை என்று விளங்கும்.

பிரவுன்கோட்ஸ் பொய் சொல்லவில்லை. அவர்கள் எல்லாரும் போனார்கள், சிலர் மூன்று நாலு தரம் போனார்கள். ஆனால் ஒரு தொடரை உயிராக நேசிக்கிற ஒரு இலட்சம் பேரின் சத்தமும், சும்மா பிடிக்கும் என்று சொல்கிற பத்து இலட்சம் பேரின் சத்தமும் இணையத்தில் ஒரே அளவில்தான் கேட்கும். தியேட்டர் வாசலில்தான் வித்தியாசம் தெரியும்.

அப்படியென்றால் ரசிகர்கள் முதலே காசைக் கட்டிவிட்டால்? 'வெரோனிகா மார்ஸ்' அதைத்தான் செய்தது. 2007 இல் நிறுத்தப்பட்ட தொடர். 2013 மார்ச்சில் கிக்ஸ்ராட்டரில் இரண்டு மில்லியன் டொலர் கேட்டார்கள். ஒரு நாளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. முடிவில் 91,585 பேர் சேர்ந்து 5.7 மில்லியன் கொடுத்தார்கள். 2014 மார்ச் 14 அன்று தியேட்டரிலும் இணையத்திலும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். அமெரிக்கத் தியேட்டர் வசூல் மூன்றரை மில்லியனைக்கூட எட்டவில்லை. வெளியில் நின்று பார்த்தால் தோல்வி. ஆனால் வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு வருடத்துக்கு முதலே வாங்கிவிட்டார்கள். வெளியீட்டு நாளில் அளப்பதற்கு மிச்சம் என்ன இருக்கு? அந்தப் படத்துக்கு வெளியீட்டு வார வசூல் ஒரு அளவுகோலே இல்லை. ஐந்து வருடம் கழித்து ஹுலு அந்தத் தொடரைத் திரும்பத் தொடங்கியது. அந்த 91,585 என்ற எண்ணை யாரோ ஞாபகம் வைத்திருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அமைதியாக நாட்காட்டியை வென்ற படம் 'டவுன்டன் அபி'. தொடர் 2015 கிறிஸ்மஸ் அன்று முடிந்தது. படம் 2019 செப்டெம்பரில். கோடைக் கூட்டம் ஓய்ந்து, பெரிய படங்கள் இல்லாத மாதம். அமெரிக்காவில் அதே நாளில் பிராட் பிட்டின் 'அட் அஸ்ரா'வும் ஸ்டலோனின் ராம்போவும் வந்தன. இரண்டையும் தள்ளிவிட்டு அந்தப் பிரபு வீட்டுக் கதை 31 மில்லியனோடு முதலாம் இடம். உலகம் முழுதும் 190 மில்லியனுக்கு மேல். அதே குடும்பம், அதே வீடு, இரண்டாவது படம். 2021 கிறிஸ்மஸுக்கு என்று சொல்லி, கொரோனாவால் தள்ளித் தள்ளி 2022 மே மாதம் வந்தது. அமெரிக்காவில் அடுத்த கிழமையே 'டொப் கன்: மவெரிக்'. முதல் மூன்று நாள் 16 மில்லியன். மொத்தம் முதல் படத்தில் பாதிகூட இல்லை. அதன் ரசிகர்கள் வயது வந்தவர்கள். தொற்றுக்குப் பயந்து தியேட்டருக்குத் திரும்பக் கடைசியாக வந்தவர்களும் அவர்கள்தான்.

இதை வாசிக்கிற உங்களில் அரைவாசிப் பேர் இவ்வளவு நேரமும் "டீமன் ஸ்லேயர் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வருகிறேன். என்னைக் கேட்டால், இந்தக் கணக்கை எல்லாரையும் விட நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் ஜப்பான்காரர்தான். 2019 ஏப்ரலில் தொடங்கிய முதல் சீசன் 26 எபிசோட்டோடு செப்டெம்பரில் முடிந்தது. கடைசிக் காட்சியில் தன்ஜிரோவும் கூட்டாளிகளும் ரயிலில் ஏறுகிறார்கள். அந்த ரயிலுக்குள் நடப்பதுதான் 2020 ஒக்ரோபர் 16 அன்று வந்த 'முகென் ட்ரெயின்' படம். தனிக் கதை இல்லை, பக்கக் கதை இல்லை. அடுத்த அத்தியாயமே படம். பார்க்காவிட்டால் கதை விட்டுப்போகும். அதோடு அது கொரோனா வருடம். ஹொலிவூட் படங்கள் எல்லாம் தள்ளிப்போய், ஜப்பான் தியேட்டர்களில் திரை சும்மா கிடந்தது. பத்தே நாளில் 10 பில்லியன் யென். டிசெம்பரில் 'ஸ்பிரிட்டட் அவே' பல வருடமாக வைத்திருந்த சாதனையைத் தாண்டியது. கடைசியில் ஜப்பானில் மட்டும் 40 பில்லியன் யென்னுக்கு மேல். அடுத்த வருடம் அதே படத்தை ஏழு எபிசோட்டாக வெட்டித் தொலைக்காட்சியிலும் போட்டார்கள். காத்திருந்தால் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். ஆர் காத்திருந்தது?

2025 செப்டெம்பர் 12 எனக்குப் பிடித்த ஒரு தேதி. அமெரிக்காவில் அன்று இரண்டு 'தொடர்ப் படங்கள்' ஒன்றாக வந்தன. டவுன்டனின் கடைசிப் படம் ஒன்று, டீமன் ஸ்லேயரின் 'இன்ஃபினிட்டி காசில்' மற்றது. டவுன்டன் 18 மில்லியன், டீமன் ஸ்லேயர் 70 மில்லியன். ஒன்று மற்றதன் ஒரு ரிக்கற்றைக்கூடப் பறித்திருக்காது. பாட்டி ஒரு மண்டபத்துக்குள், பேரன் மற்ற மண்டபத்துக்குள். தேதி தெரிவு செய்வது என்பது இதுதான். இந்தியாவிலும் அதே நாளில் 'இன்ஃபினிட்டி காசில்' வந்தது, தமிழ்க் குரலோடும் சேர்த்து. பை வருகிற நாளுக்காகக் காத்திருந்து வளர்ந்த எனக்கு, ஒரு ஜப்பான் தொடரின் தமிழ்க் குரல் அமெரிக்காவின் அதே தேதியில் தியேட்டருக்கு வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

எங்கட தமிழ்த் தொடர்கள் ஏன் படமாவதில்லை என்று ஒரு தம்பி கேட்டான். எனக்குத் தெரிந்த விடை சுலபமானது. எங்கட மெகா சீரியலுக்கு சீசன் இல்லை. கிழமைக்கு ஐந்து ஆறு நாள், வருடக்கணக்கில். இடைவெளி இருந்தால்தானே ஏங்க முடியும்? அம்மா ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் கதை அங்கேயே நிற்கும். தொலைக்காட்சியிலிருந்து தமிழ் சினிமாவுக்குப் போனது தொடர் இல்லை, குறும்படம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' மேடையில் வந்த சின்னக் கதைதான் பிறகு 'முண்டாசுப்பட்டி' ஆனது. அங்கே காத்திருந்தது ரசிகர்கள் இல்லை, இயக்குநர்.

இப்போது எல்லாரும் கேட்பது 'மண்டலோரியன்' பற்றி. டிஸ்னி 'த மண்டலோரியன் அன்ட் க்ரோகு' படத்துக்குக் குறித்திருக்கிற தேதி 2026 மே 22. தொடரின் மூன்றாவது சீசன் முடிந்தது 2023 ஏப்ரலில். மூன்று வருட இடைவெளி. 2019 டிசெம்பருக்குப் பிறகு தியேட்டருக்கு வருகிற முதல் ஸ்டார் வோர்ஸ் படம் என்பது அதன் பலம். ஆனால் நான் மேலே சொன்ன கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். பிரிந்தவர்கள் எந்த மனத்தோடு பிரிந்தார்கள்? மூன்றாவது சீசன் முடிவில் மண்டோவும் க்ரோகுவும் ஒரு சின்ன வீட்டு வாசலில் நிம்மதியாக இருக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் ரயிலில் ஏறிய முடிவு இல்லை. அடுத்தது என்ன என்ற நெஞ்சிடி அதில் இல்லை. ஆகவே இது டீமன் ஸ்லேயர் வழியில் ஓடாது. ஓடினால் டவுன்டன் வழியில்தான் ஓட வேண்டும். பழகின முகங்களைத் திரும்பப் பார்க்கிற ஆசையில், குடும்பத்தோடு, மெல்ல மெல்ல. அப்படி மெல்ல ஓடுவதற்கு மே மாதக் கடைசி வசதியான இடமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கோடையில் ஒவ்வொரு கிழமையும் ஒரு புது யானை வரும்.

1998 இல் முதல் படம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் கரண்ட்டே ஒழுங்காக இல்லை. 2008 இல் இரண்டாவது படம் வந்தபோது பாதை பூட்டியிருந்தது. நாங்கள் இரண்டு தரமும் எந்தக் கணக்கிலும் இல்லை. பிறகு பார்த்த டிவிடியும் ஒருவருடைய கணக்கிலும் ஏறவில்லை. எங்களைப் போல உலகம் முழுக்கப் பிந்திப் பார்த்து, பிந்தி நேசித்த ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். ஒரு தொடருக்கு இன்னொரு படம் வேண்டுமா என்று முடிவெடுக்கிற அறைக்குள் அந்த நேசத்துக்குக் கதிரை இல்லை. அங்கே இருப்பது முதல் மூன்று நாள் மட்டும்தான்.

இப்போது அப்படி இல்லை. சில படங்கள் எங்கட ஊர்த் திரைக்கும் வருகின்றன. எங்கட தியேட்டர்காரரும் வெள்ளி, சனி, ஞாயிறு பார்த்துத்தான் அடுத்த கிழமைக்குக் காட்சி வைக்கிறதா எடுக்கிறதா என்று முடிவெடுக்கிறார்கள். நண்பர்கள் பலர் "கூட்டம் குறையட்டும், அடுத்த கிழமை போவம்" என்பார்கள். போகும்போது படம் இருக்காது. பிறகு "இஞ்ச நல்லதொண்டும் போடமாட்டாங்கள்" என்று குறை சொல்வார்கள். உங்களுக்குப் பிடிச்ச தொடர் ஒண்டு படமா வந்து, அது இஞ்ச ஓடுதெண்டா, முதல் மூண்டு நாளுக்குள்ள போங்கோ. முடிஞ்சா ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.